ஓனிக்ஸ்: உருவமும் எண்களும்

ஓனிக்ஸ் (ஜப்பானியப் பெயர்: இவாக்கு) போக்கிமான் விளையாட்டுத் தொடரில் வரும் கற்பனை உயிரினம். பெரும்பாறைகளைச் சரமாகக் கோத்தது போன்ற உடலைக் கொண்ட பாம்பு வடிவம் இதனுடையது. கேம் ஃப்ரீக் நிறுவனம் உருவாக்கி, 1996 பிப்ரவரி 27 அன்று கேம் பாய் கருவிக்காக ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ‘சிவப்பு’, ‘பச்சை’ ஆகிய விளையாட்டுகளில் ஓனிக்ஸ் முதலில் இடம்பெற்றது. அவற்றில் உள்ள 151 உயிரினங்களின் பட்டியலில் இதன் வரிசை எண் 95. பாறை, நிலம் என்னும் இரு வகைகளையும் சேர்ந்தது.

தொடரின் மிகப் பெரிய உயிரினங்களில் ஒன்றான ஓனிக்ஸ், சண்டையில் மிக எளிதாக வீழ்பவற்றிலும் ஒன்று. இந்த முரணை வடிவமைப்பாளர்களின் பிழை என்று சொல்லும் ஆட்டக்காரர்கள் உண்டு. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஓனிக்ஸ் நிற்கும் இடத்தைக் கருத்தில் கொண்டால், இந்த முரண் அங்கே ஒரு பாடமாகவே அமைந்திருப்பது தெரியும். ஆனால் அதே முரண், ஓனிக்ஸைத் தாமே பிடித்து வளர்க்க முனையும் ஆட்டக்காரருக்கு ஒரு குறையாக மாறுகிறது. இக்கட்டுரை இவ்விரு பக்கங்களையும் ஆராய்கிறது.

பெயரும் உடலும்

ஜப்பானியப் பெயரின் முற்பகுதியான ‘இவா’ என்பதற்குப் பாறை என்று பொருள். ஆங்கிலப் பெயர், பட்டை பட்டையாக நிறம் மாறும் ஒருவகைக் கல்லின் பெயரை எழுத்து மாற்றி வைத்தது. அக்கல் சிலிக்காவால் ஆனது. விளையாட்டின் உள்ளே இருக்கும் உயிரினக் குறிப்பேடான போக்கிடெக்ஸ், ஓனிக்ஸ் வளர வளர அதன் கற்கள் வைரம் போல் இறுகிக் கருநிறம் அடைவதாகக் கூறுகிறது. வைரமோ கரியால் ஆனது. ஆக, பெயர் ஒரு கனிமத்தையும் வருணனை இன்னொன்றையும் காட்டுகின்றன. விளையாட்டை உருவாக்கியவர்கள் கனிமவியலைப் பின்பற்றவில்லை. கடினம், கருமை, பழமை ஆகிய உணர்வுகளைத் தரும் சொற்களையே தேடியிருக்கிறார்கள்.

போக்கிடெக்ஸ் இதன் நீளத்தை 8.8 மீட்டர் என்றும் எடையை 210 கிலோ என்றும் தருகிறது. இவ்விரண்டும் பொருந்துமா என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறத்தாழ 2,600 கிலோ இருக்கும். அப்படியானால் 210 கிலோ கருங்கல்லின் பருமன் 0.08 கன மீட்டர் மட்டுமே. அதை 8.8 மீட்டருக்கு ஒரே சீராக நீட்டினால், சுமார் 11 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு கல்தூண் கிடைக்கும். படத்தில் காணும் ஓனிக்ஸின் தலை மட்டுமே அதைவிடப் பல மடங்கு பெரியது. அதே விளையாட்டில் வரும் கோலெம் என்னும் பாறை உயிரினத்தின் உயரம் 1.4 மீட்டர், எடை 300 கிலோ. உயரத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத கோலெம், ஓனிக்ஸைவிட 90 கிலோ கூடுதல் எடை கொண்டது.

கற்பனை விளையாட்டில் இப்படிப்பட்ட பொருத்தமின்மை பெரிய குற்றமல்ல. ஆனால் ஓனிக்ஸைப் பொறுத்தவரை அது தற்செயலாகவே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறது. வெளியே மலைபோல் தெரியும் இந்த உடலுக்குள் எடை குறைவு. ஆட்டத்தின் எண்களும் இதையே சொல்கின்றன.

ஆட்ட எண்கள்

முதல் தலைமுறை விளையாட்டுகளில் ஒவ்வொரு உயிரினத்துக்கும் ஐந்து அடிப்படை எண்கள் உண்டு. ஓனிக்ஸின் உயிர்ப்புள்ளி 35, தாக்குதல் 45, தற்காப்பு 160, வேகம் 70, சிறப்பாற்றல் 30. இவற்றில் தற்காப்பு மட்டுமே அதன் தோற்றத்துக்கு ஏற்றது. 151 உயிரினங்களில் கிளாய்ஸ்டர் என்னும் சிப்பி உயிரினம் ஒன்றுதான் தற்காப்பில் இதை மிஞ்சுகிறது. அதன் எண் 180.

தாக்குதலில் நிலைமை வேறு. ஆட்டத்தின் முதல் புல்வெளியிலேயே கிடைக்கும் பிட்ஜி என்னும் சிறு பறவையின் தாக்குதலும் 45 தான். அதே புல்வெளியில் திரியும் ரட்டாட்டா என்னும் எலியின் தாக்குதல் 56. கிட்டத்தட்ட ஒன்பது மீட்டர் நீளமுள்ள பாறைப் பாம்பு ஓர் எலியைவிட மெதுவாகவே அடிக்கிறது.

சிறப்பாற்றல் 30 என்பது இதைவிட முக்கியமானது. முதல் தலைமுறையில் நீர், புல், நெருப்பு, மின்சாரம் போன்ற வகைகளைச் சேர்ந்த உத்திகள் தற்காப்பு எண்ணைக் கணக்கில் எடுப்பதில்லை; சிறப்பாற்றலையே எடுக்கின்றன. ஆகவே 160 என்னும் மதில், உடலால் மோதும் அடிகளுக்கு எதிரே மட்டுமே நிற்கும். நீரும் புல்லும் வரும்போது அந்த மதில் இருப்பதாகவே கணக்கில்லை. அதோடு பாறை வகை, நில வகை இரண்டுக்குமே நீரும் புல்லும் பகை என்பதால், அவற்றின் சேதம் நான்கு மடங்காகிறது.

பியூட்டர் நகரத்துச் சண்டை

ஆட்டக்காரர் சந்திக்கும் முதல் ஜிம் தலைவர் பியூட்டர் நகரத்தின் ப்ராக். ‘சிவப்பு’, ‘நீலம்’ விளையாட்டுகளில் அவரிடம் இரண்டு உயிரினங்கள் உள்ளன: 12-ஆம் நிலையில் இருக்கும் ஜியோடூட், 14-ஆம் நிலையில் இருக்கும் ஓனிக்ஸ். அதுவரை பூச்சிகளையும் எலிகளையும் பறவைகளையும் மட்டுமே பார்த்துவந்த ஆட்டக்காரரின் சிறு திரையில், பாறைப் பாம்பு முதன்முறையாக எழுந்து நிற்கிறது. ஆட்டம் இதுவரை தந்த காட்சிகளிலேயே பெரியது இதுதான்.

இங்கே இரண்டு உத்திகளின் விளைவை ஒப்பிடலாம். ஆட்டக்காரரிடம் 12-ஆம் நிலையில் ஸ்குவர்ட்டில் என்னும் ஆமை இருப்பதாகக் கொள்வோம். முதல் தலைமுறையின் சேதச் சூத்திரப்படி, ப்ராக்கின் ஓனிக்ஸுக்கு 36 உயிர்ப்புள்ளிகள் உண்டு. ஸ்குவர்ட்டில் உடலால் மோதும் டேக்கிள் உத்தியைப் பயன்படுத்தினால், தற்செயலான கூடுதல் அடி விழாதவரை, ஓனிக்ஸ் இழப்பது ஒரே ஒரு புள்ளி. அதே ஸ்குவர்ட்டில் நீர்க்குமிழிகளை ஊதும் பபுள் உத்தியைப் பயன்படுத்தினால் ஓனிக்ஸ் 20 புள்ளிக்குக் குறையாமல் இழக்கிறது. இரண்டு முறை குமிழி ஊதினால் சண்டை முடிந்துவிடும். டேக்கிளை மட்டும் நம்பியவர் முப்பத்தாறு முறை மோத வேண்டும்.

நீர், பாறையை வெல்லும் என்பதை இவ்வாறு எளிதாக விளங்கிக்கொள்ளலாம். நெருப்பைத் தேர்ந்தெடுத்தவர் நிலைதான் இன்னும் கவனிக்கத்தக்கது. சார்மாண்டர் என்னும் நெருப்புப் பல்லியோடு தொடங்கியவர்களுக்கு ப்ராக் கடினமானவர் என்பது ஆட்டக்காரர்களிடையே பரவலாகச் சொல்லப்படுவது. பாறைமேல் நெருப்பின் சேதம் பாதியாகக் குறையும் என்பது உண்மை. ஆயினும் சூத்திரத்தில் எண்களைப் பொருத்திப் பார்த்தால், 12-ஆம் நிலைச் சார்மாண்டரின் எம்பர் உத்தி ஒவ்வொரு முறையும் 4 முதல் 6 புள்ளிகளைப் பறிக்கிறது. அதன் நகக்கீறலோ ஒரே ஒரு புள்ளியைத்தான் பறிக்கும். ஆறு முதல் ஒன்பது எம்பர் போதும், ஓனிக்ஸ் சாய்ந்துவிடும். நெருப்பு பாறையைச் சுடாது என்று நம்பி நகத்தால் கீறியவர் தோற்கிறார். பட்டியலைத் தாண்டி முயன்று பார்த்தவர் வெல்கிறார்.

ஓனிக்ஸின் முதல் பயன் இதுவே. அது சிறுவர்களுக்குத் தெரியும் ஒரு விதியை (நீர் பாறையை வெல்லும்) கற்பிப்பதோடு நிற்காமல், கண்ணுக்குத் தெரியாத ஒன்றையும் கற்பிக்கிறது: எதிரியின் பருமனுக்கும் வலிமைக்கும் தொடர்பு இருக்கவேண்டிய அவசியமில்லை. முன்னால் வந்து வீழ்ந்த ஜியோடூட்டின் உயரம் வெறும் 0.4 மீட்டர், ஆனால் அதன் அடிப்படைத் தாக்குதல் 80. இரண்டு நிலைகள் குறைவாக இருந்தும், அந்தக் கைப்பிடிக் கல்லின் டேக்கிள், ஓனிக்ஸின் டேக்கிளைவிடக் கூடுதலாக வலிக்கும். ஆட்டக்காரர் அஞ்ச வேண்டியது முதலில் வந்த கல்லுக்கு; அவர் அஞ்சியதோ பின்னால் வந்த மலைக்கு.

பொறுமை என்னும் உத்தி

இத்தனை பலவீனமான தாக்குதல் கொண்ட உயிரினத்துக்கு ப்ராக் தந்திருக்கும் உத்தி பைடு. இதைப் பயன்படுத்தும் உயிரினம் இரண்டு அல்லது மூன்று முறை எதுவும் செய்யாமல் அடி வாங்கும். பிறகு வாங்கிய சேதத்தை இரட்டிப்பாக்கித் திருப்பித் தரும். இதன் கணக்கில் தாக்குதல் எண்ணுக்கு இடமே இல்லை. ஓனிக்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தி அமைவது கடினம்.

பைடு பதற்றத்தைத் தண்டிக்கும் உத்தி. எதிரி அசையாமல் நிற்பதைக் கண்டு தொடர்ந்து அடிப்பவர், தம் அடியையே இரு மடங்காகத் திரும்பப் பெறுகிறார். நிதானித்து, சேதம் தராத உத்திகளைப் பயன்படுத்தி அந்த நேரத்தைக் கடத்துபவருக்கு எதுவும் நேர்வதில்லை. ஓனிக்ஸின் வலிமை அதனிடம் இல்லை. அதை ஆட்டக்காரரே கொண்டுவந்து கொடுக்கிறார். ப்ராக்கை வென்றவருக்கு அதே பைடு உத்தியைக் கற்பிக்கும் கருவியையே அவர் பரிசாகத் தருகிறார் என்பது இந்தச் சண்டையின் நோக்கத்தை உறுதிப்படுத்துகிறது.

தொலைக்காட்சித் தொடரில்

போக்கிமான் தொலைக்காட்சித் தொடரின் ஐந்தாவது அத்தியாயம் இதே சண்டையைக் காட்டுகிறது. ஆஷ் என்னும் சிறுவன் பிக்காச்சுவோடு ப்ராக்கை எதிர்கொண்டு முதல்முறை தோற்கிறான். கூடுதல் மின்னூட்டம் பெற்ற பிக்காச்சுவோடு மறுபடி வருகிறான். இந்தமுறை தீயணைப்புக்கான நீர்த்தெளிப்பான்கள் திறந்துகொள்ள, நனைந்த ஓனிக்ஸ் மின்சாரத்தால் துவண்டுபோகிறது. ப்ராக்கின் தம்பி தங்கையர் ஓடிவந்து தடுக்க, ஆஷ் சண்டையை நிறுத்துகிறான். அவனுடைய இரக்கத்தை மதித்து ப்ராக் பதக்கத்தைக் கொடுக்கிறான்.

கதையாக இது நன்கு அமைந்தது. விளையாட்டில் எண்களாக மட்டுமே இருந்த ஓனிக்ஸ், இங்கே வலியை உணரும் உயிராகிறது. ஒரு குடும்பம் நேசிக்கும் விலங்காகவும் ஆகிறது. வெற்றிபெறுவதைவிட நிறுத்தத் தெரிவது மேல் என்னும் கருத்தைச் சொல்ல, பிரம்மாண்டமான ஓர் உடல் நனைந்து கிடக்கும் காட்சி தேவைப்பட்டது. சிறிய உயிரினமாக இருந்திருந்தால் இரக்கம் எளிதில் பிறந்திருக்கும். அச்சுறுத்திய ஒன்றின்மேல் இரக்கம் பிறப்பதுதான் இந்த அத்தியாயத்தின் சாதனை.

எனினும் ஒரு விலை கொடுக்கப்பட்டது. விளையாட்டின் விதிப்படி நில வகை உயிரினத்தை மின்சாரம் தாக்கவே தாக்காது, நனைந்திருந்தாலும்கூட. 1998-இல் ஜப்பானில் வெளிவந்த ‘மஞ்சள்’ பதிப்பு, தொலைக்காட்சித் தொடரைப் பின்பற்றி ஆட்டக்காரருக்குப் பிக்காச்சுவையே முதல் துணையாகத் தந்தது. தொடரைப் பார்த்துவிட்டு ப்ராக்கிடம் சென்ற சிறுவன் மின்சாரத்தைப் பாய்ச்சினான், ஒன்றும் நடக்கவில்லை. இந்தச் சிக்கலை உருவாக்கியவர்களே உணர்ந்திருந்தார்கள். ‘மஞ்சள்’ பதிப்பில் சண்டை வகையைச் சேர்ந்த மாங்கி என்னும் குரங்கு, ப்ராக்கின் ஊரை அடையும் முன்பே கிடைக்கிறது. நிடோரான் முன்பைவிடச் சீக்கிரமாகவே உதைக்கக் கற்கிறது. ப்ராக்கின் ஓனிக்ஸும் 12-ஆம் நிலைக்கு இறக்கப்பட்டது. கதையை நம்பி வந்தவருக்கு விதியைத் திருத்தித் தராமல், தேடிக் கண்டுகொள்ள வேறு வழிகளை வைத்தார்கள். முதல் விளையாட்டின் பாடத்துக்கு இது உண்மையாக இருக்கும் தீர்வு.

இரண்டாம் வருகை

ஆட்டத்தின் இறுதியில் நால்வர் அணியைச் சேர்ந்த புருனோவிடம் ஓனிக்ஸ் மறுபடி வருகிறது. அவர் சண்டை வகை உயிரினங்களை வளர்ப்பவர். ஆனாலும் அவருடைய ஐந்து உயிரினங்களில் இரண்டு ஓனிக்ஸ்கள். ஒன்று 53-ஆம் நிலையிலும் மற்றொன்று 56-ஆம் நிலையிலும் இருக்கும்.

முதல் நகரில் அச்சுறுத்தியதை இறுதியில் ஒரே அடியில் வீழ்த்தும்போது ஆட்டக்காரர் தம் வளர்ச்சியை உணர்வார் என்று இதற்கு நியாயம் சொல்லலாம். ஆனால் அந்த நியாயம் நிற்கவில்லை. ஓனிக்ஸ் முதல் நகரிலேயே இரண்டு நீர்க்குமிழிகளுக்கு வீழ்ந்துவிட்டது. கடலைக் கடக்கும் சர்ஃப் உத்தி இல்லாமல் யாரும் புருனோவை அடைய முடியாது. அந்த நீர் உத்தியே அவருடைய ஓனிக்ஸுக்கு ஓர் அடியில் முடிவு. இரண்டுக்கும் இடையே வளர்ச்சி என்று காட்ட எதுவுமில்லை. பியூட்டர் நகரில் பொருள் நிறைந்திருந்த பலவீனம், புருனோவிடம் வெறும் பலவீனமாகிறது. பாடம் ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது. இரண்டாம் வருகையில் உருவம் மட்டுமே திரும்பி வந்திருக்கிறது.

ஆட்டக்காரரின் கையில்

ப்ராக்கிடம் கண்ட பாறைப் பாம்பை, ராக் டனல் என்னும் குகையில் ஆட்டக்காரர் தாமே பிடிக்கலாம். உயிரினங்களைச் சேகரிக்கும் விளையாட்டில் இது முக்கியமான தருணம். எதிரியாகக் கண்டு வியந்த ஒன்று தம்முடையதாகிறது. ஆனால் பிடித்த கணத்திலிருந்தே ஏமாற்றம் தொடங்குகிறது. அதன் அடி வலிப்பதில்லை. நீர் பட்டால் சாய்கிறது. எந்த நிலைக்கு வளர்ந்தாலும் வேறொன்றாக மாறுவதும் இல்லை. எதிரியிடம் இருந்தபோது பாடமாக இருந்த எண்கள், துணையாக வந்தபின் சுமையாகின்றன. குழந்தை தன் அன்பால் தேர்ந்தெடுத்த ஒன்றை ஆட்டம் தொடர்ந்து தோற்கடிக்கும்போது, ‘உருவத்தை நம்பாதே’ என்னும் பாடம் ‘விரும்பியதை வளர்க்காதே’ என்று திரிகிறது. முதல் தலைமுறை வடிவமைப்பின் மெய்யான குறை இதுதான்.

1999 நவம்பர் 21 அன்று ஜப்பானில் வெளிவந்த ‘தங்கம்’, ‘வெள்ளி’ விளையாட்டுகள் இதைச் சரிசெய்ய இரு வழிகளில் முயன்றன. முதலாவது சிறியது; ஆனால் அழகானது. வயலட் நகரில் ஒருவர், பெல்ஸ்ப்ரவுட் என்னும் செடியை வாங்கிக்கொண்டு ராக்கி என்று பெயரிட்ட ஓனிக்ஸைத் தருகிறார். அந்த நகரின் ஜிம் தலைவர் பறவைகளை வளர்ப்பவர். பறவைகளின் அடி பாறைமேல் பாதியாகக் குறைவதால், ஓனிக்ஸின் தற்காப்பு முதன்முறையாக ஆட்டக்காரருக்கே பயன்படுகிறது. எண்களை மாற்றாமல், இடத்தை மட்டும் மாற்றி அதற்கு மதிப்பைத் தந்தது இந்த ஏற்பாடு.

இரண்டாவது வழி ஸ்டீலிக்ஸ். மெட்டல் கோட் என்னும் பொருளைப் பிடித்துக்கொண்டு இன்னோர் ஆட்டக்காரரிடம் பரிமாறப்பட்டால், ஓனிக்ஸ் உலோக உடல்கொண்ட ஸ்டீலிக்ஸாக மாறும். நீளம் 9.2 மீட்டர், எடை 400 கிலோ. தாக்குதல் 85 ஆகவும் தற்காப்பு 200 ஆகவும் உயிர்ப்புள்ளி 75 ஆகவும் உயர்கின்றன. நான்கு மடங்காக இருந்த நீரின் சேதம் இரண்டு மடங்காகக் குறைகிறது. உருவத்துக்கும் எண்களுக்கும் இடையே இருந்த இடைவெளி இங்கே பெருமளவு நிரம்புகிறது.

ஆனால் இந்தத் தீர்வு எல்லோருக்கும் எட்டவில்லை. பரிமாற்றத்துக்கு இரண்டு கருவிகள், இரண்டு விளையாட்டுகள், ஓர் இணைப்புக் கம்பி, உடன் விளையாட ஒரு நண்பர் ஆகியவை தேவை. தனியாக விளையாடிய சிறுவனின் ஓனிக்ஸ் ஓனிக்ஸாகவே இருந்தது. பரிமாற்றம் இந்தத் தொடரின் அடிப்படைக் கருத்து என்பதை மறுக்க முடியாது. ஆயினும் மிக அதிகமாக உதவி தேவைப்பட்ட உயிரினங்களில் ஒன்றை, அந்த வாசலுக்குப் பின்னால் வைத்ததை நல்ல தேர்வு என்று சொல்ல இயலாது. 2022-இல் வெளிவந்த ‘லெஜண்ட்ஸ்: ஆர்சியஸ்’ விளையாட்டில் மெட்டல் கோட்டை நேரடியாகப் பயன்படுத்தியே ஸ்டீலிக்ஸைப் பெறலாம். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

மதிப்பீடு

‘மஞ்சள்’ பதிப்பின் போக்கிடெக்ஸ் குறிப்பு, ஓனிக்ஸ் மண்ணுக்குள் விரைந்து செல்லும்போது உண்டாகும் சுரங்கங்களை டிக்லெட் என்னும் சிறு உயிரினங்கள் வீடாகக் கொள்வதாகச் சொல்கிறது. ப்ராக்கின் நகரத்துக்கு அருகே டிக்லெட்டுகள் வாழும் ஒரு நீண்ட குகை இருக்கிறது. அதில் ஓனிக்ஸைக் காண முடியாது. அதைத் தோண்டியது எது என்று ஆட்டம் எங்கும் சொல்வதில்லை. குறிப்பேட்டைப் படித்தவர் ஊகித்துக்கொள்ளலாம். சண்டை எண்களில் இடம்பெறாத ஒரு பெருமை இது. அடிப்பதைவிட, தான் கடந்துபோன வழியில் பிறருக்கு இடம் விட்டுச்செல்வது ஓனிக்ஸின் இயல்பாகக் காட்டப்பட்டுள்ளது.

ஓனிக்ஸ் வலிமையாக இருந்திருந்தால், பியூட்டர் நகரத்துச் சண்டை அத்தனை பேருக்கும் ஒரு தடையாக மட்டுமே நினைவில் நின்றிருக்கும். பலவீனமாக இருந்ததால்தான், அது அச்சத்தையும் அறிவையும் பிரித்துக் காட்டியது. ஆனால் அந்தப் பாடம் முடிந்தபின் அந்த உயிரினத்துக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு முதல் விளையாட்டு விடை தரவில்லை. பின்வந்தவை பாதி விடை தந்தன. உயிரினங்களைக் கற்பித்தலுக்கும் துணைக்கும் ஒருங்கே பயன்படுத்தும் எந்த விளையாட்டும் எதிர்கொள்ளும் சிக்கல் இது. அதைத் தெளிவாக உணர்த்தும் எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக ஓனிக்ஸைக் கருதலாம்.